தகரக் குழாய்களில் இருந்த வீடுகள்

சென்னையில் நான் வேலை பார்த்த கட்டுமான நிறுவனம் ஆட்களைக் குறைத்தபோது நானும் வெளியே வந்தேன். விருத்தாசலத்துக்கு வந்துவிட்டேன். என் கணவருக்கு இங்கேதான் வேலை. செராமிக் பேட்டையில், மின்கம்பத்துக்கான பீங்கான் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் சூளையைக் கவனித்துக்கொள்கிறார். அதுவரை சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை ரயிலேறுகிறவளாகத்தான் எனக்கு இந்த ஊரைத் தெரியும். திங்கட்கிழமை காலையில் இந்த ஊர் எப்படி இருக்கும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

உட்கார முடியவில்லை. அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வீட்டிலேயே கணினியை வைத்துக்கொண்டு, வீடு கட்டுகிறவர்களுக்கு அனுமதி வாங்குவதற்கான வரைபடம் போட்டுக் கொடுக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் வரைவேன். எழுந்து வாசலுக்குப் போவேன். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுவேன். ஜங்ஷன் வரைக்கும் நடந்து போய், எந்த ரயிலிலும் ஏறாமல் திரும்பி வருவேன். கணவர் சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் நின்றுகொண்டே பேசுவேன்.

"ஒரு எடத்துல உக்காரவே மாட்டியா நீ?" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் கடைவீதிக்குப் பின்னால் இருந்த ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. பாய் குடும்பம். ஒரு காலத்தில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்தவர்கள். கணவரை இழந்த ஒரு அக்கா மட்டும் அங்கே இருந்தார். பிள்ளைகள் இருவரும் துபாயில். வீட்டின் பின்பாதியை இடித்துவிட்டு மாடியோடு புதிதாகக் கட்ட வேண்டும், அளந்து படம் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றார்.

பின்கட்டை அளந்துகொண்டிருந்தபோது பரணில் நீளநீளமாகத் தகரக் குழாய்கள் கிடந்ததைப் பார்த்தேன். என்னவென்று கேட்டேன்.

"அதுங்களா? எங்க வூட்டுக்காரரோட தாத்தா வீடு கட்டிக் குடுக்கற காண்டிராக்டரா இருந்தாரு. அவரு கட்டுன வூடுங்களோட படம். எடைக்குப் போட்டுடும்மான்னு பெரியவன் சொல்லிட்டான். நான்தான் இன்னைக்கு நாளைக்குன்னு வெச்சிட்டு இருக்கேன்."

ஒரு குழாயின் மூடியைத் திருகினேன். உள்ளே சுருட்டி வைத்திருந்தது காகிதம் இல்லை, துணி. கஞ்சி போட்டு மெருகேற்றிய, லேசான நீலச் சாயல் கொண்ட, எதிர்ப்பக்கம் தெரிகிற மெல்லிய துணி. அதில் கறுப்பு மையில் ஒரு வீடு. செங்கல் சுவர் வருமிடமெல்லாம் ரோஜா நிறம் தீட்டியிருந்தது, மரம் வருமிடத்தில் மஞ்சள். முகப்பில் தூண்கள், கதவுக்கு மேலே விசிறி போல் விரிந்த கண்ணாடி, முற்றத்து ஓட்டுச் சரிவின் குறுக்குவெட்டு. ஓரத்தில் ஊர்ப்பெயர், தெரு, நூறு வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒரு வருஷம்.

நான் தினமும் செய்கிற வேலைதான் அது. ஆனால் நான் போட்ட கோடு ஒன்றுகூட அந்தத் தடிமனில், அந்தப் பொறுமையில் இருந்ததில்லை. என் கோடுகளைக் கணினி போடுகிறது. இவர் தப்பாகப் போட்ட கோட்டைப் பிளேடால் சுரண்டி எடுத்திருக்கிறார். அந்த இடத்தில் துணி மட்டும் சொரசொரப்பாக இருந்தது.

"அக்கா, எடைக்குப் போடாதீங்க. எல்லாத்தையும் நான் போட்டோ புடிச்சுக் குடுத்துடறேன். அதுக்கப்புறம் என்ன செய்யணுமோ செய்யுங்க" என்றேன்.

அவர் குழாயை வாங்கி மூடியைத் திருகினார். "புடிச்சுக்கோம்மா. ஆனா வூட்ட விட்டு ஒண்ணும் வெளிய போகக் கூடாது."

மறுநாளிலிருந்து காலையில் அங்கே போக ஆரம்பித்தேன். கூடத்துத் தரையில் ஒவ்வொன்றாக விரிப்பேன். நூறு வருஷம் சுருண்டு கிடந்தது விரித்தவுடன் மறுபடி சுருண்டுகொள்ளும். கணவரின் கம்பெனியில் விரிசல் விட்டதென்று ஒதுக்கிய பீங்கான்களைக் கேட்டு வாங்கி, நாலு மூலையிலும் வைத்தேன். ஸ்டூல்மேல் ஏறி நின்று போனில் படம் எடுத்தேன். அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "உழுந்து வெச்சிடாத தாயி" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

விருத்தாசலம், பெண்ணாடம், சேத்தியாத்தோப்பு, இந்த மாவட்டத்து மங்களூர் என்று சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் வந்தன. ரெட்டைக்கட்டு வீடுகள், ஓட்டு வீடுகள், நெல்லுக்குத் தனி அறை வைத்த வீடுகள், பள்ளிவாசல் தெருவில் பெண்கள் வந்துபோகத் தனி வழி வைத்த வீடு. ஒரு குழாய் மட்டும் காலியாக இருந்தது. அதைக் காட்டினேன். அக்கா சிரித்துவிட்டார்.

"அது எங்க மாமியார் வேல. இதுல நல்ல துணி இருக்குதுன்னு யாரோ சொன்னாங்களாம். ஒரு கட்ட எடுத்து சோடா உப்பு போட்டு கொதிக்க வெச்சு அலசிட்டாங்க. மையி, கஞ்சி எல்லாம் போயி மல்லுத் துணி மாதிரி வந்துச்சாம். எங்க வூட்டுக்காரரு பொறந்தப்ப அவருக்கு சட்டையெல்லாம் அதுலதான் தச்சுப் போட்டாங்க."

நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது சிரிப்பு போய்விட்டது. அந்தக் குழாயில் எத்தனை வீடு இருந்ததோ, எந்த ஊர் வீடுகளோ. படம் எடுக்கிற வேலை கிடைத்தால் மனசு ஒரு இடத்தில் நிற்கும் என்று நினைத்திருந்தேன். நடந்தது நேர்மாறு. ஒவ்வொரு வீட்டைப் பார்க்கும்போதும் அது இப்போது இருக்கிறதா, யார் இருக்கிறார்கள், இந்த மாடிப்படியை உண்மையாகவே இங்கேதான் வைத்தார்களா என்று உள்ளே ஏதோ அரிக்கும்.

ஒருநாள் காலையில் கூடத்தில் விரித்த படத்தை அப்படியே சுருட்டி வைத்துவிட்டு, "போயிட்டு வரேங்கா" என்று சொல்லி, பெண்ணாடம் பஸ்ஸில் ஏறினேன். முதல் நாள் எடுத்த, விசிறிக் கண்ணாடி வைத்த பெண்ணாடம் வீட்டின் படம் போனில் இருந்தது. வழியெல்லாம் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள். பஸ் அவற்றின் பின்னால் ஊர்ந்தபோது இறங்கி நடந்துவிடலாமா என்றிருந்தது.

வீட்டைக் கண்டுபிடிக்க அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. கதவுக்கு மேலே அந்த விசிறிக் கண்ணாடி அப்படியே இருந்தது. ஆனால் முகப்பின் நடுவில் புதுச்சுவர் ஒன்று தெரு வரைக்கும் வந்து, வீட்டை இரண்டாக வெட்டியிருந்தது. ஒருபாதிக்குப் பச்சை, மறுபாதிக்கு ஊதா. பச்சைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிடச் சின்னவள்.

"யாருங்க வேணும்?"

போனை நீட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "இது எங்க வூடா?" என்று கேட்டாள். அவள் குரலில் நம்பிக்கையே இல்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். நான் நின்றுகொண்டே குடித்தேன்.

அதற்குள் ஊதாப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்துவிட்டார். அந்தப் பெண்ணின் கணவருடைய அண்ணன். அவர் வந்ததும் அந்தப் பெண் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரம் ஒதுங்கினாள். அவர் என் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சத்தம் போட்டார்.

"யாரு அனுப்சது உன்ன? வக்கீலு அனுப்சாரா? எந்தம்பி சொல்லி வந்தியா?"

யாரும் அனுப்பவில்லை என்று எவ்வளவோ சொன்னேன். தெருவில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே வந்தேன். பஸ் நிறுத்தத்தில் வந்துதான் செருப்பின் வாரை மாட்டினேன். சும்மா இருக்க முடியாதவளுக்கு இது தேவைதான் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவரே என் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினார். நான் யாரென்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். இந்த முறை சத்தம் இல்லை.

"அன்னைக்கு ஏதோ கோவத்துல பேசிட்டேம்மா. அந்தப் படத்துல ஒரு பிரிண்ட் வேணும். படத்துல கெணறு எங்க பக்கம் இருக்குது, நான் பாத்தேன். இப்ப எந்தம்பி பக்கத்துல இருக்குது. அதான் ஆதாரம்."

படத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. கொல்லையில் கிணறு என்று போட்ட வட்டம் இன்றைய ஊதாப் பக்கத்தில்தான் விழுந்தது.

"அண்ணே, கிணத்த யாரும் தூக்கி நகத்த முடியாதுல்ல. படத்துல போட்ட எடத்துல தண்ணி வந்திருக்காது. தள்ளித் தோண்டியிருப்பாங்க."

"படம் பொய் சொல்லுமாம்மா?"

"நான் போடற படமே சொல்லுதுங்க. அனுமதிக்குப் போடறப்ப வூட்ட சுத்தி எடம் உட்டிருக்கறதா போடறேன். கட்டறவங்க காம்பவுண்டு வரைக்கும் இழுத்துக் கட்டிடறாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எம்மவன் வூடும் அப்டித்தான் கட்டியிருக்கான்" என்றார். ஆனாலும் பிரிண்ட் வேண்டும் என்பதில் மாறவில்லை.

அக்காவிடம் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். அன்று மாலையே அக்காவிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். ஒரு குடும்பத்துச் சண்டையில் போய் எண்ணெய் ஊற்றிவிட்டேனோ என்று பயமாக இருந்தது. அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"குடுத்தா ரெண்டு பேருக்கும் குடு. இல்லன்னா ரெண்டு பேருக்குமே இல்லன்னு சொல்லிடு. ஒரு ஆளுக்கு மட்டும் குடுத்துட்டு வந்து எங்கிட்ட நிக்காத."

இரண்டு பிரிண்ட் எடுத்துக்கொண்டு மறுபடி பெண்ணாடம் போனேன். தம்பி சர்க்கரை ஆலைக்கு வேலைக்குப் போயிருந்தார். ஒரு பிரிண்டை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றைப் பச்சைப் பக்கத்துக் கூடத்தில் விரித்தேன். அண்ணன் வாசற்படியில் நின்றார், உள்ளே வரவில்லை. கிணற்று வட்டத்தைக் காட்டினார். அந்தப் பெண் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "கெணறு ராத்திரியில எந்திரிச்சு நடந்து வந்துச்சுன்னு சொல்லச் சொல்லுங்கக்கா."

அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

அவளுக்குக் கிணற்றில் அக்கறை இல்லை. விரல் வேறெங்கோ நகர்ந்தது. "அடுப்படி எதுக்கா?" காட்டினேன். "இங்க ரெண்டு கட்டம் போட்டிருக்கே?" ஜன்னல் என்றேன். "எங்க அடுப்படியில ஜன்னலே இல்ல. பகல்லயே லைட்டு போட்டுதான் சமைக்கறேன்."

அடுப்படிக்குள் போனோம். கரிப்பிடித்த இருட்டு அறை. படத்தில் ஜன்னல் இருந்த இடத்தைக் கையால் அளந்து, கரண்டிக் காம்பால் தட்டினேன். சுவரின் மற்ற இடங்களில் கெட்டிச் சத்தம், அங்கே மட்டும் மெலிந்த சத்தம். இந்த ஜன்னலை உண்மையாகவே வைத்திருந்தார்கள். பிறகு அடைத்திருக்கிறார்கள். அந்தச் சுவருக்கு அப்பால் அண்ணனின் கொல்லை.

வாசலில் நின்றவரிடம் அதைச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தார்.

"நான்தான் அடைக்கச் சொன்னேன். பாகம் பிரிச்ச புதுசு. அப்ப பேச்சு வார்த்த இல்ல." பிறகு என்னிடம்தான், அவளிடம் இல்லை, "தொறக்கறதுன்னா தொறந்துக்கச் சொல்லும்மா" என்றார். தன் பிரிண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சில வாரம் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். கொத்தனாரை வைத்து ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டாளாம். மறுநாளே அண்ணன் மனைவி எதிரில் தகர ஷீட் நட்டு மறைத்துவிட்டாளாம். அன்றே போய்ப் பார்த்தேன். ஷீட் முழு உயரத்துக்கு இல்லை. மேல்பாதி வழியாக வெளிச்சம் உள்ளே விழுந்து, அடுப்பு மேடையில் பாதியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பாதியில் வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பரவால்லக்கா. இது போதும். அந்தக்கா கொழம்பு தாளிச்சா வாசன வருது, சாயங்காலம் நான் தாளிச்சா அங்க போவும். அத எந்த ஷீட்டு தடுக்கும்?"

அதற்குள் துபாயிலிருந்து அக்காவின் பெரிய மகன் வந்து, பின்கட்டை இடிக்க ஆள் விட்டுவிட்டார். கடப்பாரைச் சத்தம் கேட்டதும் குழாய்கள் என்ன ஆயின என்று ஓடினேன். அக்கா தன் அறைக்குக் கூட்டிப் போய்ப் பீரோவைத் திறந்தார். நல்ல புடவைகளெல்லாம் வெளியே மூட்டையாகக் கட்டிக் கிடந்தன. உள்ளே தகரக் குழாய்கள் வரிசையாக நின்றன.

"அவங்கிட்ட சண்ட போட்டு வெச்சேன். பீரோ எங்க அத்தா எனக்குக் கல்யாணச் சீரா குடுத்தது, அதுல எத வெச்சாலும் கேக்க உனக்கு உரிமையில்லன்னுட்டேன்" என்றார். முகத்தில் இன்னும் அந்தச் சண்டையின் சிவப்பு இருந்தது. படம் எடுத்ததையெல்லாம் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அதை நகைப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

போன சனிக்கிழமை சேத்தியாத்தோப்பு போனேன். வெள்ளாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு நெல் வியாபாரி வீடு இருக்க வேண்டும். படத்திலேயே அழகான வீடு அதுதான். பாலத்தின் இரண்டு பக்கமும் நடந்தேன், திரும்ப நடந்தேன். வீடு இருக்க வேண்டிய இடத்தில் பெட்ரோல் பங்க் இருந்தது. அங்கே காற்றடித்துக்கொண்டிருந்தவர், நான் போவதையும் வருவதையும் பார்த்துவிட்டு, "எந்த வூட்ட தேடறீங்க?" என்றார். போனைக் காட்டினேன். அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அப்படி ஒரு வீட்டைப் பார்த்ததே இல்லை என்றார். ஆனால் பங்க்குக்குப் பள்ளம் தோண்டும்போது அடியிலிருந்து ரோஜா நிறத்தில் செங்கல் வண்டி வண்டியாக வந்ததாகச் சொன்னார். அதையெல்லாம் யார் எடுத்துப் போனார்கள் என்று கேட்டேன். கை நீட்டித் திசை காட்டினார். நான் அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்தேன்.