பக்கத் திரைக்குப் பின்னால் நாலு சந்தேகங்கள்

நாடகத்தில் வசனம் எடுத்துக் கொடுக்கிறவளை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் மேடையில் எது பிழையாய்ப் போனாலும் எல்லாரும் முதலில் திரும்பிப் பார்ப்பது அவள் நிற்கிற பக்கத்தைத்தான். "நீங்க சும்மா வந்து நின்னா போதும்" என்ற பேச்சை நம்பி ஊர்க் குழு எதிலாவது மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு விளங்கும். நான் ஒரு பள்ளிக்கூட டீச்சர். மாத்தளை டவுனில் மசாலாக் கடை வைத்திருக்கும் நசீர் நானாதான் எங்கள் நாடகக் குழுவின் இயக்குநர். ஒரே சீசனில் மூன்று நாடகம் என்று அவர் அறிவித்த அன்றைக்கே நான் விலகியிருக்க வேண்டும்.

கால் எத்தனை?

முதல் நாடகம் 'தேயிலைக்குள் புலி'. கொழுந்து மலைக்குள் சிறுத்தை வந்து படுத்துக்கொள்கிற கதை. தோட்டத்தில் நாங்கள் அதைப் புலி என்றுதான் சொல்வோம். மண்டபத்துக்கு அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த ஐயா சிங்களவர். தமிழ் வாசிக்கக்கூடியவர். போஸ்டரை வாசித்தார், எங்களைப் பார்த்தார், மறுபடியும் போஸ்டரை வாசித்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

யார் எழுதியது, யார் நடிக்கிறது, கடைசியில் புலி ஜெயிக்குமா என்று வரிசையாகக் கேள்வி. நசீர் நானாவுக்கு வேர்த்துக் கொட்டியது. புள்ளி அச்சடித்த போர்வையில் தைத்த உடுப்பைப் பையிலிருந்து எடுத்து, தானே போட்டுக்கொண்டு, ஐம்பத்தெட்டு வயதில் அலுவலகத் தரையில் கையையும் ஊன்றித் தவழ்ந்து காட்டினார். ஐயா எட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போஸ்டரைத் திருப்பித் தரும்போது தமிழிலேயே சொன்னார்: "நாலு கால் என்றா பரவாயில்ல. ஆனா போஸ்டர்ல அந்த நாலு காலையும் போடுங்க."

குடையோடு வந்தவர்

இரண்டாவது நாடகத்தில், மனைவிக்குக் கொழும்பிலிருந்து வந்த வேலைக் கடிதத்தைப் புருஷன் ஒளித்து வைக்கிறான். மனைவியாக நடித்தது செல்வராணி. றத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். புருஷனாக முத்துராஜா, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஃபெக்டரி ஆபீசில் கிளாக்கர்.

செல்வராணியின் சொந்தப் புருஷன் மணியம் ஒத்திகைக்குத் தவறாமல் வருவார். மழை இல்லாவிட்டாலும் கையில் குடை. முதல் வாரம் கடைசி வரிசையில் இருந்தார். அடுத்த வாரம் நடு வரிசை. பிறகு முன் வரிசை. முத்துராஜா செல்வராணியின் கையைப் பிடிக்கும் இடத்தில் குடை நிமிரும். "டீச்சரக்கா, அவரைக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று முத்துராஜா என்னிடம் கெஞ்சினார்.

ஒருநாள் இடைவேளையில் மணியம் நேராக என்னிடமே வந்தார். செல்வராணி எனக்குப் பின்னால் நின்று பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்தக் கடிதத்த ஒளிச்சு வச்சது நான்தான்னு உங்களுக்கு யாருங்க சொன்னா?"

சொன்னது யார்?

மூன்றாவது நாடகம்தான் எங்களை உடைத்தது. தோட்டத்துத் தண்ணீர் டேங்க் துரையின் பங்களாப் பூந்தோட்டத்துக்காக நிறைகிறது. லயம் என்கிற தொழிலாளர் குடியிருப்புச் சனம் வாளியோடு வரிசையில் நிற்கிறது. முத்துராஜா வேலை செய்கிற தோட்டத்துக் கிளப்பிலேயே போடுவதாக ஏற்பாடு. கதையை வெளியே விடக்கூடாது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டிருந்தோம். நாடகத்துக்கு மூன்று வாரம் முன்னால், அந்தத் தோட்டத்தில் தொழிலாளர் நலன் பார்க்கிற வெல்பெயார் ஐயா நசீர் நானாவுக்குப் போன் பண்ணினார். மூணாவது காட்சியில டேங்க் வருதாமே, அத எடுத்துட்டுப் பிரதியக் கொண்டு வந்து காட்டுங்க என்றார்.

எங்களில் அந்தத் தோட்டத்து ஆபீசில் வேலை செய்கிறவர் முத்துராஜா ஒருவர்தான். ஒருவரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. எல்லாரும் அவரையே நினைத்தோம். அவர் வந்தால் பேச்சு நிற்கும். டேங்க் இல்லாத ஒரு பிரதியைத் தயாரித்து வெல்பெயார் ஐயாவுக்குக் காட்டுவது, முத்துராஜாவுக்கும் அதையே கொடுப்பது, மேடையில் பழைய காட்சியையே போடுவது என்று முடிவானது. எனக்கு அது சரியாகப் படவில்லை. வாய் திறக்கவும் இல்லை. நசீர் நானா புதுப் பிரதியை என் கையில் வைத்துச் சொன்னார்: "முத்துராஜாவுக்கு நீங்களே குடுங்க டீச்சர். உங்க மேல யாருக்கும் சந்தேகம் வராது."

வாளி

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். கிளப் நிறைந்துவிட்டது. முன் வரிசையில் வெல்பெயார் ஐயா. மூன்றாவது காட்சியில் செல்வராணி வெறும் வாளியோடு வந்து, "டேங்குல தண்ணி இருக்கு, எங்க வாளியில ஏன் இல்ல?" என்றாள். முத்துராஜாவுக்கு நான் கொடுத்த புதுப் பிரதியில் இல்லாத வசனம். முத்துராஜா அப்படியே நின்றார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

நான் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தேன். அவர் நினைத்திருந்தால் பேசாமல் இறங்கிப் போயிருக்கலாம். அந்த ஆபீசு வேலைதான் அவருடைய சோறு. ஆனால் தன் ஆபீசு ஐயாவின் முகத்துக்கு நேரே, ஒரு சொல் பிசகாமல், டேங்க் வசனம் முழுவதையும் பேசினார். லயத்துச் சனம் எழுந்து நின்று கை தட்டியது.

முடிந்ததும் வெல்பெயார் ஐயா திரைக்குப் பின்னால் வந்தார். முத்துராஜாவைத் தேடித்தான் வருகிறார் என்று பயந்தேன். என்னிடம் வந்தார். நான் தினமும் எல்கடுவை பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள். போகும்போது பிரதியை வாய்விட்டு வாசித்திருக்கிறேன். பக்கத்து சீட்டில் இருந்தது அவர் வீட்டம்மாவாம். "நல்லா வாசிக்கிறீங்களாம்" என்றார். பக்கத்தில் அரிதாரம் துடைத்துக்கொண்டிருந்த முத்துராஜாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அவருடைய வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரிய ஆபீசுக்குக் கூப்பிட்டு விசாரித்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் அடுத்த ஒத்திகைக்கு அவர் வரவில்லை. மன்னிப்புக் கேட்க ஃபெக்டரி வாசலுக்கே போனேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்கார்ந்ததும் சொன்னார்: "வார்த்தை மறந்தா நீங்க இருக்கீங்கன்னுதான் மேடையில தைரியமா நிப்பேன் அக்கா. இனி எப்படி நிக்கிறது?"

மூன்று நாடகத்துக்கும் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த நாங்கள், ஒத்திகையே இல்லாமல் ஆளுக்காள் பிரமாதமாகச் செய்தது ஒருவரையொருவர் சந்தேகப்பட்டதை மட்டும்தான்.