கத்தரிக்கோல் காணாமல் போன பாலம்

ஐம்பத்து மூன்று வயதாகியும், முன்மண்டையில் நாலே நாலு முடி மிஞ்சியும், அந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அவர் இன்னும் 'வார்டு பாய்'தான். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் 'தலைப்புச் செய்தி'. இரண்டில் எது மரியாதை என்று நீங்களே சொல்லுங்கள்.

நோயாளியை ஸ்ட்ரெச்சரில் வைத்து வார்டிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போவது அவர் வேலை. எண்பது அடி நடை. அந்த எண்பது அடியில் ஒரு மனுஷனுக்கு எத்தனை பயம் வரும் என்பது மல்லாந்து படுத்துப் போனவர்களுக்குத்தான் தெரியும். அதற்கு அவர் ஒரு மருந்து வைத்திருந்தார். ரெக்கார்டு ரூமைக் காலி செய்தபோது, அலமாரித் தட்டுகளில் விரித்திருந்த நாற்பது வருஷத்துப் பழைய செய்தித்தாள்களை வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தார். தினம் ஒரு தலைப்பை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். வண்டியைத் தள்ளிக்கொண்டே அதை வாசித்து, அதற்கப்புறம் என்ன ஆகியிருக்கும் என்று அளந்துவிடுவார். 'மணிக்கூண்டுக் கடிகாரம் பதினேழு நிமிடம் முந்துகிறது' என்று ஒரு செய்தி. அதை இரட்டைப் பிள்ளைகளில் தம்பி அண்ணனாகிப் போன கோர்ட்டு வழக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனவர் அவர்.

தியேட்டர் கதவு வந்ததும் டக்கென்று நிறுத்திவிடுவார். "மீதி வெளிய வந்தப்புறம்" என்பார். வந்தவர்களுக்குக் கட்டாயம் முடிவைச் சொல்வார். இருபத்தாறு வருஷத்தில் மூன்று தலைப்புகளுக்கு முடிவு கேட்க ஆள் வரவில்லை. அந்த மூன்று துண்டுகளையும் அவர் மறுபடி யாரிடமும் வாசித்ததில்லை.

அன்றைக்கு வண்டியில் படுத்திருந்தது அவர் மனைவி. தையல்காரி. வயிற்றில் கட்டி. கட்டியை எடுத்துவிடலாம், ஆனால் இதயம் பலவீனம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் மயக்கத்தில் வைப்பது ஆபத்து என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சொந்தக்காரரை ஊழியர் தள்ளக் கூடாது என்பது விதி. சிஸ்டர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, கதவு வரைக்கும் என்று அனுமதி வாங்கியிருந்தார்.

வண்டி நகர்ந்தது. அவர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு தள்ளினார்.

"ஏங்க, ஊருக்கெல்லாம் கதை, எனக்கு மட்டும் கிடையாதா?"

அவர் பையிலிருந்த துண்டை எடுத்தார். "பாலம் திறப்பு விழா தள்ளிவைப்பு. கத்தரிக்கோல் காணவில்லை."

"அய்யய்யோ! அப்புறம்?"

"தட்டு வந்துச்சு, தட்டுல வெல்வெட்டுத் துணி இருந்துச்சு, கத்தரிக்கோல் இல்ல. பக்கத்துல முடிதிருத்துறவர் கடைல ஒண்ணு வாங்கிட்டு வந்தாங்க. தாடி வெட்டினதுல நான் ரிப்பன் வெட்டுறதான்னு, திறந்துவைக்க வந்த பெரிய மனுஷனுக்குக் கோவம் வந்துடுச்சு. கிளம்பிப் போயிட்டார். ரிப்பன் அப்படியே நின்னுபோச்சு. வெட்டாத ரிப்பனைத் தாண்டினா குத்தம்னு சட்டம். அதனால சனங்க குனிஞ்சு போக ஆரம்பிச்சாங்க. நாப்பது வருசமா குனிஞ்சு குனிஞ்சு, இப்ப ஊரே குனிஞ்சுதான் நடக்குது. அடடா, என்ன பணிவான சனங்கன்னு அக்கம்பக்கத்து ஊர்லல்லாம் பொண்ணு குடுக்க வரிசையில நிக்கிறாங்க!"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சரி, கத்தரிக்கோலை எடுத்தது யாரு?"

கதவு வந்துவிட்டது. "மீதி வெளிய வந்தப்புறம்."

"தொழில்காரிங்க நான். கத்தரிக்கோல் யாருகிட்டன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது."

"உள்ள ஊசி போட்டுத் தூங்க வெப்பாங்க. நீ போ."

கதவு மூடியது. மணி ஒன்பது பத்து.

பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. முடிவு அவரிடமும் இல்லை. எப்போதும் முடிவை முடிந்து வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார். இன்றைக்குக் காலையிலிருந்து மண்டையில் ஒன்றும் ஓடவில்லை. யார் எடுத்திருப்பார்? பெரிய மனுஷனின் மாமியார்? பாலம் கட்டிய மேஸ்திரி? எதுவும் ஒட்டவில்லை. பத்து மணி ஆனது. பத்தரை ஆனது.

பத்து ஐம்பதுக்குக் கதவு திறந்தது. தியேட்டர் சிஸ்டர் தலையை மட்டும் நீட்டி, வாசலில் நின்ற வேலையாளிடம் சீறினார். அந்த வேலையாளுக்குப் பட்டப்பெயர் நெட்டை.

"துணி மூட்டை எங்க?"

"இப்பத்தான் சிஸ்டர் சலவைக்குக் கீழ அனுப்பிச்சேன்."

"கருவியெல்லாம் எண்ணி முடிக்கிறதுக்கு முன்னாடி யாரு அனுப்பச் சொன்னா? ஒரு கத்தரிக்கோல் குறையுது! கணக்கு சரியாகாம டாக்டர் தைக்க மாட்டார். எக்ஸ்ரே மெஷின் அடுத்த கட்டடத்துலேர்ந்து வர அரை மணி ஆகும்."

தலைப்புச் செய்தி பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். கத்தரிக்கோல் காணவில்லை. தன் வாயால் சொல்லி, தன் கையால் தள்ளி உள்ளே அனுப்பிய செய்தி. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் பழம் தன் தலையில் விழும்போது எவனால் காக்கையைத் திட்டாமல் இருக்க முடியும்? "என் வாயில வசம்பை வெச்சுத் தேய்க்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஒன்று அது அந்த மூட்டையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அவள் வயிற்றுக்குள் இருக்க வேண்டும். மயக்கத்துக்கு மிச்சம் இருபது நிமிஷம்.

நெட்டை கை கால் ஓடாமல் நின்றார். இவர் ஓடினார். படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக, அந்த வயதில்.

சலவை அறையில் ராட்சத மெஷின் வாயைத் திறந்து வைத்திருந்தது. சலவைக்காரர் மூட்டையின் முடிச்சைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"போடாதீங்க! நிறுத்துங்க!"

"என்னய்யா, நெருப்புப் பிடிச்சிடுச்சா?"

பதில் சொல்ல நேரமில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு மூட்டையைத் தரையில் கொட்டினார். பச்சைத் துணிகள். இருபத்தாறு வருஷமாக இந்த மூட்டைகளில் அவர் எதையெல்லாம் பார்த்திருக்கிறார்! இடுக்கி, கைக்கடிகாரம், ஒரு தடவை டாக்டரின் மூக்குக் கண்ணாடி. உதறினால் விழாது, மடிப்பைத் தடவ வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொன்றாகத் தடவினார். முதல் துணியில் இல்லை. ஐந்தாவதில் இல்லை. அந்தத் துணிகளில் இருந்த ரத்தம் யாருடையது என்று நினைக்காமல் தடவினார். ஒன்பதாவது துணி ஓரத்தில், கட்டும் நாடாவில் சிக்கிக்கொண்டு, விரலில் இடித்தது.

வளைந்த மூக்குள்ள சின்னக் கத்தரிக்கோல். அப்படியே சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலே ஓடினார். பதினொன்று மூன்றுக்குச் சிஸ்டர் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடியது. அதற்கப்புறம்தான் அவருக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் வார்டில் அவள் கண் விழித்தாள். உதடு காய்ந்திருந்தது. அவர் ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டார். கத்தரிக்கோல் காணாமல் போனது பற்றி மூச்சு விடவில்லை.

"யாரு எடுத்தான்னு சொல்லட்டுமா?" என்றாள் அவள், காற்றுக் குரலில்.

"நீ பேசாதம்மா."

"அந்த ரிப்பனைத் தெச்சவதான். ஓரம் அடிச்சு, மடிப்பு எடுத்து, பார்த்துப் பார்த்துத் தெச்சிருப்பா. எவனோ வந்து ஒரே வெட்டா வெட்டுறதுக்கு விட்டுடுவாளா? இடுப்புல சொருகிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டா."

"அதேதான்! எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

அவள் அவரையே பார்த்தாள்.

"புளுகாதீங்க. உங்களுக்கு முடிவே தெரியாது. கதவுகிட்ட நிக்கும்போதே உங்க மூஞ்சில தெரிஞ்சுது. வெளிய வந்தா இந்த மனுசன் என்ன சொல்லுவாரு பாவம்னு, ஊசி போடுற வரைக்கும் நான்தான் படுத்துக்கிட்டு யோசிச்சேன்."