கிற்றார்க்காரனின் முப்பத்தோராம் நாள்

இத்தாலியின் பலெர்மோவில், பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஒரு மாதா கோயில் மண்டபம். அந்தோனி செத்து இன்று முப்பத்தோராம் நாள். வீடு துடைத்துப் பிழைத்த மன்னார்க்காரன்; கிற்றார் அடித்து அமெரிக்கக் கன்ட்ரி பாட்டுப் பாடுவான். சிநேகிதன் என்பதால் பாரிசிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறேன்.

மேசையில் அவன் படம். அவன் எப்போதும் போடும் கௌபாய் தொப்பியும் இல்லை, கிற்றாரும் இல்லை. படத்திலேயே கோட்டும் டையும் வரைந்து மாட்டியிருக்கிறார்கள்.

"இது ஆர்?" என்று இங்குள்ள தமிழ்ச் சங்கத் தலைவரிடம் கேட்கிறேன்.

"அஞ்சலிப் படத்துக்கு ஒரு மரியாதை வேணும் தம்பி. மாடு மேய்க்கிறவன்ரை தொப்பியோடை போட ஏலுமே?"

அவன் மனைவி ரீத்தா கேட்டது ஒன்றுதான்: அவன் பாட்டு ஒன்றை யாராவது பாட வேண்டும். "கடைசியிலை பாடுவம்" என்று தலைவர் சொல்லியிருக்கிறார். ஒன்பது பேர் பேசுகிறார்கள். போன கிறிஸ்மஸில் "இங்கிலீசை நிப்பாட்டு, ஆட ஒரு பைலா அடி" என்று கத்தி அவனை மேடையிலிருந்து இறக்கியவர், இன்று அவனை இசைமேதை என்கிறார். நாலு மணிக்கு எல்லோரும் சின்யோராக்களின், இத்தாலிய எசமானிகளின், வீடுகளில் வேலைக்கு நிற்க வேண்டும்.

"நேரம் போயிட்டுது" என்கிறார் தலைவர். "பாட்டை விடுவம். ரெண்டு நிமிசம் மௌனமா நிப்பம்."

பாடினவனுக்கு மௌனம்! வெட்கமில்லாமல் நானும் எழுந்து நிற்கிறேன்.

ரீத்தா எழவில்லை. உட்கார்ந்தபடி, இங்கிலீசைக் கண்டபடி உடைத்து, அவன் பாட்டை உரக்கப் பாடுகிறாள்.

"தங்கச்சி, மௌனம்!" என்கிறார் தலைவர்.

"ஓம் அண்ணை, நீங்கள் மௌனமா நில்லுங்கோ" என்றுவிட்டு, பாட்டின் அடுத்த அடியைப் பிடிக்கிறாள்.