முள் இறங்கவில்லை

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பலூன் டீச்சர் என்று பெயர். வாயு விதிகள் நடத்தும்போது, ஊதிய பலூனை வெந்நீரிலும் பனிக்கட்டியிலும் மாறி மாறி முக்கிக் காட்டுவாள். கடைசி பெஞ்சுக்காரர்கள்கூடத் தூக்கம் கலைந்து எட்டிப் பார்ப்பார்கள்.

அவள் கணவர் கல் அறுக்கும் பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்தவர். உள்ளே போன தூசி நுரையீரலை இறுக்கிவிட்டது. கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர், மூக்கில் குழாய். உடம்பு நாராகிப் போனாலும் வாய்க்கொழுப்பு மட்டும் குறையவில்லை.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் காத்தைப் பத்திப் பாடம் எடுக்கறியே. எனக்கு மட்டும் ஏன் உள்ள வரமாட்டேங்குது?" என்று ஒருநாள் கேட்டார்.

அவள் மழுப்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"நுரையீரல் விரிஞ்சாதான் உள்ள அழுத்தம் குறையும். அது குறைஞ்சாதான் வெளிக்காத்து உள்ள வரும். உங்களுக்கு விரியவே மாட்டேங்குதுங்க."

"இது எத்தனை மார்க் கேள்வி?"

"ரெண்டு."

"ரெண்டு மார்க்குக்கா இந்தப் பாடு!" என்று சிரிக்கப்போய் இருமலில் மாட்டிக்கொண்டார். அவள் முதுகை நீவிவிட்டாள்.

செய்முறைத் தேர்வு வந்தது. லீவு கேட்டாள், கிடைக்கவில்லை. அன்று காலை சிலிண்டர் மீட்டரின் முள்ளைப் பார்த்தாள். வாயு குறையக் குறைய அழுத்தமும் அதே கணக்கில் இறங்கும். சாயங்காலம் தாண்டியும் தாங்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு உட்கார வைத்தாள்.

"போய்ட்டு வா. கோவத்துல பிள்ளைங்கள ஃபெயிலாக்கிடாத" என்று அனுப்பிவைத்தார்.

மத்தியானம் பள்ளிக்கு போன் வந்தது. விழுந்தடித்து ஓடி வந்தாள். அக்கா வாசலிலேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். உள்ளே அவருக்கு மூச்சு அடங்கியிருந்தது. குழாயில் காற்று மட்டும் சீறிக்கொண்டிருந்தது. அவள் கண் முதலில் போனது முள்ளின் மேல்தான். பாதிகூட இறங்கவில்லை. கணக்கு தப்பவில்லை. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

வால்வைத் திருகி மூடினாள். மாதக்கணக்கில் வீட்டை நிறைத்திருந்த அந்தச் சீறல் ஓய்ந்த பிறகுதான் அவளுக்கு வாய்விட்டு அழ வந்தது.

அடுத்த வருஷம் வாயு விதிகளை இன்னொரு ஆசிரியையிடம் தள்ளிவிட்டு, ஆற்றல் மாற்றங்களை எடுத்துக்கொண்டாள். சுட்ட சுண்ணாம்புக் கட்டியைத் தண்ணீரில் போட்டதும் புஸ்ஸென்று பொங்கி ஆவி பறந்தது.

"டீச்சர், இந்தச் சூடெல்லாம் அப்புறம் எங்க போகும்?" என்று முன்வரிசைப் பெண் கேட்டாள்.

"சுத்தி இருக்கற காத்துக்குப் போயிடும். கொஞ்ச நேரத்துல எல்லாம் ஆறிடும்மா."

கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சமன்பாட்டை மெதுவாக எழுத ஆரம்பித்தாள். பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.