நோயாளியிடம் யார் சொல்வது

முதலாமாண்டு நர்சிங் பிள்ளைகளுக்கு மருத்துவ அறம் பற்றி ஓர் அறிமுகப் பாடம் வகுத்துத் தரும் வேலை என் தலையில் விழுந்தது. பெரிய பெரிய வார்த்தைகளைத் தூக்கிக் கடாசிவிட்டேன். நம்மூர் ஆஸ்பத்திரிகளில் தினமும் நடக்கிற கூத்திலிருந்துதான் தொடங்குவேன் என்று பிடிவாதமாக இருந்தேன். படுத்திருப்பவரை விட்டுவிட்டு, கூட வந்தவரை வராண்டாவுக்குத் தள்ளிக்கொண்டு போய், "பேஷண்ட்டுக்குத் தெரிய வேணாம்பா" என்று கிசுகிசுப்பார்களே, அதுதான் முதல் வகுப்பு. நோயாளியிடம் யார் சொல்வது, எப்போது சொல்வது?

அதே வாரம் என் மார்பில் தட்டுப்பட்ட கட்டியில் ஊசி குத்தி, பரிசோதனைக்குச் சதை எடுத்திருந்தார்கள். எனக்கு வகுப்பு இருந்ததால் ரிசல்ட் வாங்க என் வீட்டுக்காரர் போனார். "ஒண்ணும் இல்லியாம்மா, வெறும் கொழுப்புக் கட்டிதானாம்" என்றார். ரிப்போர்ட் எங்கே என்றேன். டாக்டரே வைத்துக்கொண்டாராம். நானும் நம்பித் தொலைத்தேன்.

பிறகு வீடே மாறிப்போனது. பட்டுச் சேலைக் கடையில் நாள் முழுக்கப் பேசிப் பேசிச் சேலை விரிக்கிற மனுஷர், வீட்டுக்கு வந்தாலும் வாயை மூட மாட்டார். இப்போது சாப்பிடும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குழம்பில் உப்புப் போட மறந்த அன்றும் "நல்லா இருக்குதும்மா" என்றார்.

ஐயம்பேட்டையிலிருந்து நாத்தனார் மீன் குழம்போடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். நாங்கள் வீடு கட்டிய காலத்திலிருந்து என்னிடம் சிரித்துப் பேசாதவள். "நீங்க உக்காருங்க அண்ணி" என்று என் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டாள். அடிப்பாவி, வழக்கம்போல ரெண்டு வார்த்தை குத்திப் பேசியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கல்லூரியில் பிரின்சிபால் மேடம் எதற்கெடுத்தாலும் என்னோடு சண்டைக்கு நிற்பவர். என் பாடத்திட்டத்தைச் சத்தமில்லாமல் படித்தார்.

"அந்த முதல் வகுப்பு மட்டும் இப்ப வேணாம்மா. அப்பறமா வேற யாராச்சும் எடுத்துக்கட்டும்."

"ஏன் மேடம், நான் எங்க போறேன்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்காரர் இவருக்கும் போன் செய்திருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. ஊருக்கே தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. பயத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சாதாரணமாகக் கேட்டேன்.

"ஏங்க, வகுப்புக்கு ஒரு உதாரணம் வேணும். ஒரு பொம்பளைக்குப் பெரிய வியாதி. புருஷனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவகிட்ட சொல்லணுமா, வேணாமா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எதுக்கும்மா சொல்லணும்? இருக்கிற வரைக்கும் அவ சிரிச்சிக்கினு இருக்கட்டுமே."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது போலிருக்கிறது. கை அப்படியே சோற்றில் நின்றுவிட்டது.

பாழாய்ப்போன மனுஷா, என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாமல் மறைக்க நீ யார் என்று கத்த வாய் வரை வந்தது. அதற்குள் அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

"எவ்வளவு நாள்னு சொன்னாங்க?" என்று கேட்டேன்.