காஹாங் இல்லாத வரைபடம்

டயாலிசிஸ் நோயாளிகளை வேனில் அழைத்துப் போகும் ஓர் அறநிறுவனத்தில் எனக்கு வேலை. அலுவலகம் பெர்மாஸ் ஜெயாவில், கடைவீட்டு மாடியில். மாவட்டத்துக்கு ஒரு வேன் என்று ஓடியது கட்டுப்படியாகவில்லை. மாவட்டங்களுக்குள் இருக்கும் சிறு பிரிவுகளான முக்கிம்களைச் சேர்த்து, ஜொகூர் மாநிலத்தை நான்கு வேன் பகுதிகளாக்கும்படி மேலாளர் சொன்னார்.

ஆர் என்னும் நிரல்மொழியில் அது சின்ன வேலைதான். எந்த முக்கிம் எந்தப் பகுதி என்று ஓர் அட்டவணை போட்டு, வரைபடத்தோடு பெயரை வைத்து இணைத்தால், ஒரே பகுதியில் இருப்பவை ஒன்றாகிவிடும், உள்ளெல்லைகள் மறைந்துவிடும். முதல் முறை மறையவில்லை. மூவார் பக்கம் முடி ஒட்டியதுபோல் கோடுகள் தங்கிவிட்டன. பக்கத்துப் பக்கத்து எல்லைகள் சரியாகத் தொடாமல் இருந்ததுதான் காரணம். ஒவ்வொரு வடிவத்தையும் ஒரு மீட்டர் விரித்து, இணைத்து, மறுபடி சுருக்கினேன். கோடுகள் போயின. எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை, குளுவாங் வேன் ஓட்டும் அண்ணன் சாவி வாங்க வந்தவர், மேசைமேல் இருந்த படத்தைப் பார்த்தார்.

"இதுல காஹாங் எங்கமா?"

குளுவாங்குக்குக் கிழக்கே, காஹாங் முக்கிம் இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளையாக ஓர் ஓட்டை. நான் அதை ஏரி என்று நினைத்துக் கடந்திருக்கிறேன்.

"செம்பனைத் தோட்டத்துக்குள்ள போய் நாலு பேர ஏத்துறேன். அவங்கள யாரு எடுப்பா?"

மேலாளர் எட்டிப் பார்த்தார். "பதினோரு மணிக்கு மீட்டிங். அந்த இடத்துல மட்டும் கலர் அடிச்சிடு லா."

"படத்துல அடிச்சிடலாம், மேடம். வேன் லிஸ்ட்டும் இதுல இருந்துதான் வருது. லிஸ்ட்ல அந்த நாலு பேரும் இருக்க மாட்டாங்க. அரை மணி நேரம் குடுங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டேன். என் அட்டவணையில் காஹாங் என்ற பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. அதனால் வரைபடத்திலிருந்த பெயரோடு அது பொருந்தவில்லை. பகுதி இல்லாத முக்கிமை நான் எழுதிய நிரலே வெளியே தள்ளியிருந்தது. எல்லாப் பெயர்களிலும் இடைவெளியை நீக்கினேன். இணைப்பதற்கு முன்னும் பின்னும் மொத்தப் பரப்பு ஏறக்குறைய ஒன்றாக இல்லாவிட்டால் நிரல் நின்றுவிட வேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்தேன். முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய வரி.

கூட்டத்தில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். யாரும் கோபப்படவில்லை. புதிய பட்டியலை அண்ணனிடம் நீட்டியபோது அவர் விரல் வைத்து நான்கு பெயர்களையும் தேடிப் பார்த்தார். பிறகுதான் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

மூவார் வேன்காரர்கள் இப்போது தங்கள் பகுதியின் எல்லையை மாற்றக் கேட்கிறார்கள். கேட்கட்டும், அட்டவணையில் இரண்டு வரி மாற்றினால் போதும்.