டேரல் கொடுத்த எட்டு சிலிண்டர் வாக்கு

என் அண்ணன் டேரல் பாஸ்கோவின் வாழ்க்கையில் முதலில் வந்தவள் பழுப்பு நிற ஃபோர்டு ஃபால்கன் கார், எட்டு சிலிண்டர் எஞ்சின். இரண்டாவதாக வந்தவள் ரேலீன், அவன் மனைவி. மாப்பிள்ளை தேவாலயத்தில் காத்திருக்க வேண்டும், பெண் காரில் வந்து இறங்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஊர் குர்ராவினில் வழக்கம். ஆனால் அந்தக் காரை வேறு யார் ஓட்டவும் டேரல் சம்மதிக்கவில்லை. அதனால் மாப்பிள்ளையே போய்ப் பெண்ணையும் மாமனாரையும் ஏற்றிக்கொண்டு வந்தான். வரும் வழியில் ஒரு கோதுமை லாரியை முந்தினான். ரேலீனின் முக்காட்டுத் துணி சன்னல் வழியாகப் பறந்துபோய்க் கம்பி வேலியில் மாட்டிக்கொண்டது. மாமனார் பின்னிருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கூடச் சொல்லாத ஜெபங்களையெல்லாம் சொன்னாராம்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் ரேலீன் கட்டிக்கொண்டாள். அதற்கு நான் பொறுப்பல்ல.

டேரலுக்கு ரயிலடிக் களஞ்சியத்தில் கோதுமை லாரிகளை எடைபோடும் வேலை. நாளெல்லாம் எடை மேடையில் நகர்ந்து நகர்ந்து வரும் லாரிகளைப் பார்த்து நொந்துபோனவன், சாயங்காலம் ஃபால்கனில் ஏறியதும் கட்டவிழ்த்த கன்று மாதிரி ஆகிவிடுவான். எதிரே என் பேக்கரி. கண்ணாடி அலமாரியில் இருக்கும், இறைச்சியை மாவில் பொதிந்து சுட்ட ‘பை’கள் அதிர்வதை வைத்தே அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டான் என்று தெரிந்துகொள்வேன். இரண்டு தடவை அவன் லைசென்ஸை முடக்கினார்கள். நாங்கள் கால்பந்தில் கோப்பை வென்ற அன்று மதுக்கடை வாசலில் டயரைச் சுழற்றிப் புகை கிளப்பினான். போலீஸ்காரர்கள் வண்டியையே தூக்கிக்கொண்டு போய் ஒரு மாதம் வேலிக்குள் வைத்துவிட்டார்கள். அப்போது டேரலுக்கு வயது நாற்பத்தொன்பது. சனிக்கிழமைதோறும் கையில் என் கடை இறைச்சிப் பை ஒன்றோடு அந்த வேலி ஓரம் போய் நின்று, ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல வண்டியைப் பார்த்துவிட்டு வருவான்.

இவன்தான் அந்த வாக்கைக் கொடுத்தவன். மகள் கீலி பிறந்த வாரம், கால்பந்துக் கிளப்பில் ஊரே கூடியிருந்தபோது, குழந்தையைக் கோப்பை மாதிரித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

“எல்லாரும் கேட்டுக்குங்க! இவ லைசென்ஸ் வாங்குற அன்னிக்கு, என் ஃபால்கன் இவளுக்கு!”

எங்கள் ஊரில் தேவாலயத்தில் கொடுத்த வாக்கை மீறிவிட்டு நிம்மதியாக வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். கிளப்பில், பீர் கையோடு, எல்லோர் முன்னாலும் கொடுத்த வாக்கை மீறியவன் ஒருவன்கூடக் கிடையாது. அப்படி மீறினால் அவனோடு யாரும் பேச மாட்டார்கள். பந்தும் அவன் பக்கம் வராது.

அடுத்த வருடமே சட்டம் வந்துவிட்டது. புதிதாக லைசென்ஸ் வாங்குகிறவர்கள், முன்னும் பின்னும் ‘பி’ எழுத்துப் பலகை மாட்டி ஓட்டும் நாலு வருடமும், எட்டு சிலிண்டர் வண்டியைத் தொடக் கூடாது. இதில் வேடிக்கை என்னவென்றால், மஞ்சள் ‘எல்’ பலகையோடு கற்றுக்கொள்கிறவர்களுக்குத் தடை இல்லை, பக்கத்தில் லைசென்ஸ்காரர் உட்கார்ந்திருந்தால் போதும். கற்றுக்கொள்கிறவள் ஓட்டலாம், கற்றுக்கொண்டவள் ஓட்டக் கூடாது. டேரல் இந்த அநியாயத்தைச் சொல்லிச் சொல்லியே என் கடையில் எத்தனை பை தின்றிருப்பான் என்று எனக்குத் தெரியாது.

“சக்தி உள்ள வண்டிதான் பத்திரம்,” என்பான். “நாப்பது டன் கோதுமை லாரி முன்னாடி போகுது. சின்ன வண்டிய வச்சுக்கிட்டு அதை எப்படித் தாண்டுவ? பாதி தாண்டுறதுக்குள்ள எதிர்ல ஒருத்தன் வந்துருவான். ஃபால்கன்ல ஒரு மிதி. முடிஞ்சுது கதை.”

“உன் கதை முடிஞ்சுரும்னு சொல்றியா?” என்பேன்.

“உங்கிட்ட பேசறதுக்கு அந்த ரொட்டிகிட்ட பேசலாம்.”

ஆனால் ரேலீனிடம் இப்படிப் பேச அவனுக்கு வாய் வராது. ரேலீன் எங்கள் ஊர் ஆம்புலன்ஸில் சம்பளமில்லாமல் வேலை செய்கிறவள். ரோட்டில் எது நடந்தாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கீலி அப்போதுதான் பதினாறு முடிந்து ‘எல்’ பலகை வாங்கியிருந்தாள். டேரல் ஆட்டு நெஞ்செலும்பை முள்கரண்டியால் குத்திக்கொண்டே லாரியைத் தாண்டும் கதையை எடுத்தான்.

“தாண்டவே வேணாம்,” என்றாள் ரேலீன். “பின்னாடியே போகட்டும். அந்த லாரியும் ஊருக்குத்தான் வருது.”

“நான் என்ன சொல்றேன்னா, நல்ல வண்டி கைல இருந்தா...”

“டேரல், அந்த ஏரிக்கரை வளைவுல, நசுங்கின வண்டிய வெட்டி நான் வெளிய எடுத்த பசங்க ஒவ்வொருத்தனுக்கும் நல்ல வண்டிதான் இருந்துச்சு. அப்பன் ஆசையா வாங்கிக் கொடுத்தது.”

டேரல் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “அந்தப் புதினாச் சாஸ எடு,” என்றான். அவனுக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் ஃபால்கனில்தான் கற்றுக் கொடுத்தான். நூற்றிருபது மணி நேரம் ஓட்டிப் பழகினால்தான் தேர்வுக்கே விடுவார்கள். ஊருக்கு அது பெரிய பொழுதுபோக்கு. அந்த வண்டி அவ்வளவு மெதுவாகப் போய் ஊர் பார்த்ததே இல்லை. எதிரில் வருகிற ஒவ்வொருவருக்கும் கீலி, இந்தப் பக்கத்து வழக்கப்படி, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி மரியாதை செய்வாள். பக்கத்தில் டேரல் வயிற்றுவலிக்காரன் போல நெளிந்துகொண்டிருப்பான்.

“மிதிடி! கொஞ்சம் மிதி! எஞ்சினுக்கு மூச்சு முட்டுது!”

“எண்பது போட்டிருக்கு, எண்பதுல போறேன்.”

“அது அதிகபட்சம் எண்பதுடி!”

“ஆமா. அதான் அதிகபட்சமாப் போறேன்ல? அப்புறம் என்ன?”

களஞ்சியத்தில் டேரலோடு வேலை செய்யும் புளூயி, செம்பட்டைத் தலைக்காரன், லாரிகளுக்கு நடுவில் இவர்களைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்பான். “யாருடா செத்தது, டேரல்? சவ ஊர்வலம் மாதிரி போறீங்க!” என்று கத்துவான்.

கீலிக்குப் பதினெட்டு முடிந்த வாரம், என் குட்டி சுசூகியை எடுத்துக்கொண்டு போய்த் தேர்வில் முதல் தடவையே தேறிவிட்டாள். சிவப்பு ‘பி’ பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். என் ஏப்ரன் மாவெல்லாம் அவள் மேல். டேரல் பின்னாலேயே வந்தான். முகத்தில் கவலை இருக்கும் என்று பார்த்தேன். திருட்டுப் பூனைச் சிரிப்புதான் இருந்தது. கீலி போனதும் என் காதருகே குனிந்தான்.

“சனிக்கிழமை கிளப்ல, எல்லார் முன்னாடியும் சாவியைக் கொடுத்துருவேன். வாக்கு வாக்குதான். ஆனா அவளால நாலு வருஷம் ஓட்ட முடியாது. வண்டி என் கொட்டகைலதான் நிக்கும். பேட்டரி செத்துரக் கூடாதுல்ல? நான்தான் அப்பப்ப ஓட்டணும். கொடுத்த மாதிரியும் ஆச்சு, வச்சுக்கிட்ட மாதிரியும் ஆச்சு. எப்படி?”

“உனக்கு வெட்கமே இல்லையா?”

“சட்டம் போட்டது நானா?” என்று சொல்லிவிட்டு, பதினேழு வருடம் திட்டிய சட்டத்தை அன்றைக்கு முதல் முறையாகப் புகழ்ந்துகொண்டு போனான்.

சனிக்கிழமை ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, எல்லோரும் சாவிக்காகக் காத்திருந்தார்கள். டேரல் நாற்காலி மேல் ஏறினான். குழந்தையைத் தூக்கிய கதையைச் சொன்னான், தன் குரலுக்குத் தானே கண் கலங்கினான், சாவியைக் கொடுத்தான். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் பின்னால் நின்ற இளவட்டங்கள் கத்த ஆரம்பித்தார்கள். “கீலி, ஸ்டார்ட் பண்ணு! ஒரு ரவுண்டு! ஒரே ஒரு ரவுண்டு!” மேஜைகளைத் தட்டினார்கள். புளூயியும் சேர்ந்துகொண்டான். “மைதானம் ரோடு இல்லம்மா, புல்லுதான! புகையக் கிளப்பு பாக்கலாம்!” கூட்டம் அப்படியே வெளியே வழிந்தது. விளக்குகள் எரிய, எல்லைக்கோட்டை ஒட்டி மூக்கை உள்ளே நீட்டி நின்ற கார்களெல்லாம், கோல் போட்டால் அடிப்பதுபோல ஹாரன் அடித்தன. மழை பெய்து புல் சொதசொதவென்று கிடந்தது. ஃபால்கன் கம்பிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றது.

நான் ரேலீனைத் தேடினேன். அன்றைய ஆட்டத்துக்கு அவள்தான் ஆம்புலன்ஸ் காவல். பச்சைச் சீருடையோடு வாசல் தூணில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தன் மகளையே ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போக வேண்டி வருமோ என்று நினைக்கிற முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. போய் டேரலின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“டேய், நிறுத்தச் சொல்லு! உன் பேச்சைத்தான் கேப்பா!”

அந்த முட்டாளுக்கு அதற்குள் கூட்டத்தின் சூடு தலைக்கேறிவிட்டது. மகள் நாலு வருடம் ஓட்ட மாட்டாள் என்று கணக்குப் போட்டவன், கண்ணில் நீர் மின்ன, “ஒரே ஒரு சுத்துதானம்மா, கண்ணு. அப்பா சொல்றேன். மிதி,” என்றான்.

கீலி எல்லோரையும் ஒரு தடவை பார்த்தாள். அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டாள்.

“அப்பா, நீயே ஓட்டு,” என்று சாவியை நீட்டினாள்.

டேரலுக்குச் சொர்க்கமே திறந்த மாதிரி. குதித்து ஏறினான். எஞ்சின் உறுமியதும் கூட்டம் ஊளையிட்டது. கீலி சன்னலை இறக்கினாள்.

“எல்லாரும் கேட்டுக்குங்க!” என்றாள். அப்பன் தொண்டை அப்படியே. “வண்டி யாருது?”

“உன்னுது!” என்று ஊரே கத்தியது.

“அப்பா, வண்டி யாருது?”

“உன்னுதுதான், கண்ணு,” என்றான் டேரல், அசட்டுத்தனமாக.

“அப்போ என் வண்டில பெல்ட் போடாம உக்காரக் கூடாது. இந்த மைதானத்துல இருபது. ரோட்டுல போர்டுல என்ன போட்டிருக்கோ அது. டயர்ல புகை வந்தா அங்கயே இறங்கி நடக்கணும். சாவி என்கிட்டதான் இருக்கும். வேணும்னா கேளு. எங்க போற, எப்ப வருவேன்னு சொல்லிட்டு எடுத்துட்டுப் போ.”

புளூயி புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான், சிரிப்பில் நிற்க முடியவில்லை. டேரல் ஊரைப் பார்த்தான். கிளப்பில், எல்லோர் முன்னாலும் கொடுத்த வண்டி. திருப்பிக் கேட்க வாயைத் திறந்தால் அவன் கதி என்ன என்று அவனுக்குத் தெரியும். பெல்ட்டை இழுத்து மாட்டினான். இருபதில், பால் பொங்காமல் பார்த்துக்கொள்கிறவன் மாதிரி, மைதானத்தைச் சுற்றி வந்தான். முழுச் சுற்றுக்கும் ஊர் ஹாரன் அடித்தது.

கீலி இப்போது ஸ்வான் ஹில் என்ற ஊரில் டிராக்டர் மெக்கானிக் வேலை பழகுகிறாள். வாராவாரம் ஒரு பழைய நாலு சிலிண்டர் டப்பா வண்டியில் போய்வருகிறாள், சாவியையும் கூடவே கொண்டுபோகிறாள். வெள்ளிக்கிழமை அவள் வீடு திரும்பும்வரை டேரல் ஃபால்கனைத் துடைத்துக்கொண்டு இருப்பான். இந்த வருடம் அவனுக்கு ஓர் அபராதச் சீட்டுகூட வரவில்லை. போலீஸ்காரர்கள் கடைக்கு வந்து, உடம்பு எதுவும் சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

போன சனிக்கிழமை, கீலியிடம் சாவி கேட்டு வாங்கி ஃபால்கனில் பை தின்ன வந்தவன் மறுபடியும் சட்டத்தைத் திட்டினான். இந்தத் தடவை வேறு பக்கமிருந்து.

“ஓட்டக் கூடாதுன்னு மட்டும் சட்டம் போட்டா பத்துமா? சின்ன வயசுல அவ்வளவு பெரிய வண்டியச் சொந்தமாவே வச்சுக்கக் கூடாதுன்னு போடணும். அதுங்க கைல அதிகாரம் கிடைச்சா என்ன ஆட்டம் ஆடுது பாத்தியா? மெல்போர்ன்ல உக்காந்து சட்டம் போடறவங்களுக்கு என்ன தெரியும்?”

ரேலீன் ரொட்டி வாங்க வந்து பின்னால் நின்றிருந்தாள். அவன் வெளியே போய் வண்டியில் ஏறி, இண்டிகேட்டர் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, மெதுவாக ரோட்டில் ஏறியதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“புள்ளை அவ்வளவு பொறுமையா ஓட்டினாளே, அப்புறமும் அன்னிக்குக் கிளப்ல எதுக்கு அவ்வளவு பயந்த?” என்று கேட்டேன்.

“அவளுக்காக மட்டுமா?” என்றாள் ரேலீன். “கல்யாணமான நாள்லேருந்து ஆம்புலன்ஸ் போன் அடிக்கும்போதெல்லாம், கொஞ்ச நேரம் அடிக்கவிட்டு, அடிபட்டது பழுப்பு நிற வண்டின்னு மட்டும் சொல்லிரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுதான் எடுப்பேன்.”

ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள். “இப்ப முதல் மணி அடிச்சதுமே எடுத்துர்றேன்.”